சீசனில் பூட்டிக் கிடக்கும் அறை

நேற்று குற்றாலத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. கேட்காமலே தெரிந்தது. லுங்கி முழுக்க எண்ணெய்க் கறை, தோளில் பிசுக்கேறிய துண்டு, கம்பியைப் பிடித்தால் கை வழுக்கும் என்று முழங்கையை மடக்கிக் கோத்திருந்தார். அவரிடமிருந்து வந்தது கடை எண்ணெயின் வாடை. ஏதோ சென்ட்டைக் கலந்து, மூக்கில் ஏறினால் இறங்க மாட்டேன் என்கிற வாடை. நீ இருந்திருந்தால், "எண்ணெயாட்டி இது? வார்னிஷ்" என்று அவர் காதில் விழும்படியே சொல்லியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டிவேர் போட்டுக் காய்ச்சிய நம் எண்ணெய் நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை. இருந்த காலத்திலும் நான் எழுதிய எதையும் நீ முழுசாகப் படித்தது கிடையாது.

தென்காசியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கால்வாயை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் குடிசைகளுக்கு நீதான் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனாய். நீ சுகாதார நர்ஸ், தடுப்பூசிப் பெட்டியோடு அங்கே போய்வருகிறவள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே இருக்கிற ஆண்கள் சீசன் வந்தால் குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பார்கள், பெண்கள் லாட்ஜ்களில் துணி துவைப்பார்கள், பிள்ளைகள் பின்னாலேயே போய்விடும். சாரல் நின்றதும் திரும்பி வந்து கிடைத்த வேலையைப் பார்ப்பார்கள். அருவித் தண்ணீரிலும் எண்ணெயிலும் நாள் முழுக்க ஊறி அந்த ஆண்களுக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். புண்ணுள்ள கையிடம் எந்தச் சுற்றுலாக்காரன் முதுகைக் காட்டுவான்? அதனால் சீசன் முடிகிறவரை மூடி மறைத்துவிட்டு, புண் புரையோடிய பிறகு உன்னிடம் வந்து கையை நீட்டுவார்கள். நீ திட்டிக்கொண்டே மருந்து போடுவாய்.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, காப்பி குடிக்கக்கூட உட்காராமல், கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு அறையை வரைந்தாய். காலையில் மருந்து, சாயங்காலம் படிப்பு. ஒரே அறை, இரண்டு வேலை. யார் செலவு செய்வார்கள் என்று கேட்டேன். "அவங்களேதான்" என்றாய். நான் சிரித்தேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஆண்கள் கடையில் வாங்குகிற எண்ணெயை அந்தப் பெண்களே காய்ச்சினால் என்ன, அதில் கிடைக்கிற லாபத்தில் அந்த அறை நடந்தால் என்ன என்று என் சமையலறையில் நின்று சண்டை போட்டாய். யாரிடமாவது நன்கொடை கேட்கலாமே என்றதற்கு, "ஓசில வந்தத ஒருத்தன் பூட்டிட்டுப் போனா, ஏன்னு யாரும் கேக்க மாட்டாவ" என்றாய். எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பாய் என்று எனக்கே தெரியாது. காது புளித்துப்போனது.

அறைக்கு இடமில்லை, அதனால் செல்லத்தாயின் வீட்டை ஒட்டி இறக்கியிருந்த சாய்ப்பில் ஆரம்பித்தோம். செல்லத்தாய் அந்தத் தெருவில் வாய் உள்ளவள். அவள் ஒத்துக்கொண்டால் தெருவே ஒத்துக்கொண்ட மாதிரி. முதலில் காய்ச்சிய எண்ணெயை ஆண்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, மணம் பத்தாது, குளிக்க வருகிற பார்ட்டி திரும்பிப் பார்க்கமாட்டான் என்று ஒதுக்கிவிட்டார்கள். நீ அசரவில்லை. அவர்களையே உட்காரவைத்து, எது எவ்வளவு போடவேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி மறுபடியும் காய்ச்சவைத்தாய். வெட்டிவேர் அப்படி வந்ததுதான். சீசன் வந்தபோது கடைக்காரர்கள் நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு அது ஓடியது.

ஆனால் சாரல் தொடங்கியதும் நான் நடத்திய சாயங்கால வகுப்புதான் முதலில் காலியானது. ஒரு சாயங்காலம் போனால் சாய்ப்பில் ஒரு பிள்ளை இல்லை. தெருவே குற்றாலத்துக்குப் போயிருந்தது. இனி மூன்று மாதம் எனக்கு ஓய்வு என்று வந்து சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "சீசனுக்கு அவங்க போறாங்கன்னா, படிப்பும் மருந்தும் பின்னாலேயே போகணும். நீ என்னட்டி, வீட்ல ஒக்காந்து வடாம் பிழியவா போற?" என்றாய். அப்படித்தான் நம் வகுப்பு ஒரு லாட்ஜின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குப் போனது. பஸ் பிடித்து வருவேன், பிள்ளைகள் ஈரத் தலையோடு வந்து உட்காரும். நீ காலையிலேயே, கூட்டம் வருவதற்கு முன்பே போய், அந்த ஆண்களின் விரலிடுக்கில் மருந்து வைத்துவிட்டு வருவாய். யாரும் பார்க்காத நேரம் என்பதால் கையை நீட்டினார்கள். அந்த வருஷம் யாருக்கும் புண் புரையோடவில்லை. உனக்கு அதில் இருந்த பெருமையை நீ மறைக்கக்கூட முயலவில்லை.

அப்புறம்தான் சென்னையிலிருந்து அந்த அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். நம் திட்டத்தைக் கேட்டு, பிரமாதம் பிரமாதம் என்றார்கள். கட்டடம் கட்டித் தருகிறோம், எல்லாம் இலவசம் என்றார்கள். இரண்டே விஷயம்தான் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஒன்று எண்ணெய். ஏழைகள் வைத்தியத்துக்காக உழைக்கவேண்டும் என்பது அவர்கள் மனசுக்குக் கஷ்டமாக இருந்ததாம். இன்னொன்று குற்றாலத்துத் தகரக் கொட்டகை. சேவை எங்கள் போர்டு இருக்கிற இடத்தில்தான் நடக்கவேண்டும் என்றார்கள். நீ கொதித்தாய். தெருவைக் கூட்டி, இது வேண்டாம் என்று சொல்லச் சொன்னாய். கடைசியில் செல்லத்தாய்தான் வாயைத் திறந்தாள்.

"கோவிச்சுக்காதீய சிஸ்டர். நாங்க பொறந்ததுல இருந்து எல்லாத்துக்கும் ஒடம்ப முறிச்சுத்தான் வாங்குதோம். ஒரு தடவையாவது ஒண்ணு எங்களுக்கும் சும்மா கிடைக்கட்டுமே."

ஊரையே வாயால் அடக்குகிற நீ அன்றைக்குக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு என்னோடு வீட்டுக்கு நடந்துவிட்டாய். என் வாசலில் நின்று, "அவ சொல்லுததும் சரிதானட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நீ தோற்றதை ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டடம் அழகாகத்தான் இருந்தது. டைல்ஸ், ஃபேன், சுவரில் சிரிக்கும் குழந்தைகளின் படம். வாரத்துக்கு இரண்டு நாள் டாக்டர் வந்தார். எண்ணெய்ச் சட்டிகள் பரணுக்குப் போயின. ஆண்கள் மறுபடியும் கடைகளுக்குப் போனார்கள். அடுத்த சீசனில், தெருவே காலியாகக் கிடந்த ஒரு நாளில், சென்னையிலிருந்து பார்வையிட வந்தார்கள். டாக்டர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். இந்தப் பகுதி மக்களுக்கு இது தேவைப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மழை பெய்யும் மாதத்தில் இந்த மக்கள் எங்கே இருப்பார்கள் என்று ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். பார்வையிட வந்தவர்கள் அப்படியே அருவிக்குக் குளிக்கப் போய், நம் தெரு ஆண்களிடமே முதுகைக் காட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டும் வந்திருப்பார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. சீசன் முடிந்து தெரு திரும்பி வந்தபோது கதவில் பூட்டு தொங்கியது. பார்த்தார்கள், அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நீ மட்டும் விடவில்லை. சாவியைக் கொடுங்கள், நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று கேட்டு அலைந்தாய். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாய். அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் வந்து தங்கிய லாட்ஜ் வாசலில் காத்திருந்தாய். ஊருக்கெல்லாம் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தவளுக்குத் தன் பிரஷரைப் பார்க்க நேரமில்லை. நான் சொன்னபோதெல்லாம், "எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று வாயை அடைத்தாய். ஒரு காலையில், சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது, சேலை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாய். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அதற்காக. கொஞ்சம்கூடக் குறையவில்லை.

போன மாதம் அந்த ஒருங்கிணைப்பாளர் எனக்குப் போன் செய்தார். கட்டடத்துக்கு உன் பெயரை வைக்கப்போகிறார்களாம். திறப்பு விழாவில் நான் இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம். தேதியைக் கேட்டேன். நடு சீசன். அன்றைக்கு அங்கே ஒருத்தரும் இருக்கமாட்டார்களே என்றேன். அதனால் பரவாயில்லை மேடம், கெஸ்ட் தேதி கொடுத்துவிட்டார் என்றார். பெயரை வைக்க விடக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் அண்ணன் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். செல்லத்தாய்தான், பேர் வைத்தாலாவது கதவு திறக்கும், தடுக்காதீர்கள் என்று என்னிடம் கெஞ்சினாள். சரி என்றேன். விழா நடந்தது. கெஸ்ட் ரிப்பன் வெட்டினார், உன் படத்துக்கு மாலை போட்டார். நான் பேசவில்லை, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் போனதும் வாட்ச்மேன் பூட்டைப் போட்டுச் சாவியை ஒருங்கிணைப்பாளரின் காரில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் செல்லத்தாய் என் வீட்டு வாசலில் நின்றாள். மகளுக்குக் காய்ச்சல், அதனால் அவள் மட்டும் குற்றாலத்துக்குப் போகவில்லை. பிள்ளை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"அங்கன போயிட்டுத்தான் வாரேன் டீச்சர். பூட்டிக் கிடக்கு. அதான் சிஸ்டர் பேரு போட்டாச்சே, இனிமே அது நம்ம சிஸ்டர் வீடுதான? சாவி ஒங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன்."

என்னிடம் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. உன் கூட்டாளியான நான் எப்படிச் சாவி இல்லாமல் அந்த மேடையில் உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிள்ளை தேறிவிட்டது. திரும்பி வரும்போது அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்கிறேன். முதலில் எடுத்து, பார்க்கலாம் மேடம் என்றார். இப்போது எடுப்பதில்லை. அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப்போகிறேன். நீ போன பாதையிலேயே போகிறேன், நீ தோற்ற இடமெல்லாம் எங்கெங்கே என்று தெரிந்துகொண்டே. உன் பெயரைப் போட்ட கதவில் பூட்டு தொங்குகிறது, அதற்குச் சரி என்று தலையாட்டியவள் நான்தான். திறக்கிறவரை செல்லத்தாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.