வெள்ளைக் கையுறைக்காரரின் அலை

அக்டோபர் 9, புதன்

காலையில் வெளித்தெப்பத்தில் நின்று, அடியில் கம்பியில் தொங்கும் சிப்பிச் சரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாபுகியின் வெள்ளைப் பயணிகள் படகு தீவின் முனையைத் திரும்பி வந்தது. வேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. என்னைப் பார்க்காமலே பறந்து போய்விட்டான். அலை பெரிதாக இல்லைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! தெப்பத்தில் ஆள் வேலை செய்தால் வேகத்தைக் குறைத்துக் கை தூக்கிவிட்டுப் போவதுதான் எங்கள் கடலின் வழக்கம். மணல் படகுக்காரன்கூடச் செய்கிறான்.

இவன் வேண்டுமென்றேதான் செய்யவில்லை. வசந்தத்தில் எங்கள் சிப்பிக்காரர் சங்கத்துத் துறையில் படகு கட்ட இடம் கேட்டான். "பஸ் ஓட்டினவனுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?" என்று முதலில் வாய் திறந்தவர் என் கணவர் தெய்ஜி. அன்றிலிருந்து இடிந்த பழைய துறையில்தான் கட்டுகிறான். மனதில் வைத்திருக்கிறான்.

அக்டோபர் 10, வியாழன்

சாப்பிடும்போது சொன்னேன். தெய்ஜி, "நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "அந்த பஸ்காரன்கிட்டப் போய்த் தலை குனிஞ்சீங்கன்னா அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதீங்க" என்றேன். அவர் மிசோ சூப் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பதில் சொல்லாத மனிதரை எப்படி நம்புவது?

அக்டோபர் 14, திங்கள்

தெய்ஜி உரித்த சிப்பியை ஒரு டப்பா நிறைய அள்ளி, கூடவே ஒரு பாட்டில் சாக்கே மதுவும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒகுகாவா வீட்டுக்காம். ஒகுகாவா எங்கள் சங்கத் தலைவர், பக்கத்துத் தெப்பக்காரர். சிப்பிக்காரன் வீட்டுக்கு யாராவது சிப்பி கொண்டுபோவார்களா?

அக்டோபர் 15, செவ்வாய்

கடையில் ஒகுகாவாவின் மனைவியைப் பார்த்தேன். "நேத்து எங்க வீட்டுக்காரர் வந்தாராமே" என்று மெதுவாக விட்டுப் பார்த்தேன். "இல்லையே! நாங்க நேத்து ஊர்லயே இல்லையே" என்றாள்.

அப்படியானால் அந்த டப்பா எங்கே போனது? இந்த வயதிலா? மனம் எங்கெங்கோ போகிறது. கேட்கமாட்டேன். அவராக உளறட்டும்.

அக்டோபர் 16, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

யாபுகி வந்தான். எங்கள் தெப்பத்துக்குச் சற்று முன்னால் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். பஸ் ஓட்டிய நாளிலிருந்து கழற்றாத அந்த வெள்ளைக் கையுறையோடு கையை உயர்த்தி, தலையையும் நன்றாகத் தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனான். அட, புத்தி வந்துவிட்டதே என்று நினைத்து முடிப்பதற்குள் அலை வந்தது. மூங்கில் எல்லாம் முறுகிக் கத்தியது. காலுக்கு அடியில் சரங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் – கறக், கறக் என்று. குப்புற விழுந்து மூங்கிலைக் கட்டிக்கொண்டேன். வாயெல்லாம் உப்பு.

கும்பிட்டுக்கொண்டே அடிக்கிறான்!

அக்டோபர் 17, வியாழன்

இன்றும். இன்னும் ஆழமாகக் குனிந்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்

கிரேனை வைத்து வெளிவரிசைச் சரங்களைத் தூக்கினோம். பல சரங்களில் வெறும் கம்பிதான். இந்த மாதம் கனம் ஏறிப் பருத்திருக்க வேண்டிய சிப்பி எல்லாம் உதிர்ந்து கடலடிக்குப் போய்விட்டது.

கோடையில் தண்ணீர் சூடாகி உள்தெப்பம் முழுவதும் செத்தது. பிழைத்ததைத்தான் படகுப் பாதை ஓரத்துக்கு இழுத்து வந்து கட்டினோம். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு தெப்பம்தான்.

தெய்ஜி வெறும் கம்பியைச் சுருட்டிப் படகில் போட்டார். பிறகு, "இதுவும் போச்சுன்னா தெப்பத்தைக் கலைச்சு மூங்கிலைக் கரையேத்திடலாம், சதோமி. கூரே டவுன்ல கப்பலுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கேக்கறாங்க" என்றார். ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிற மனிதர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாம் அந்த யாபுகியோட வேலை" என்றேன். "அவன் மெதுவாத்தானே போறான்? வேற ஏதாவது பெரிய கப்பல் அலையா இருக்கும்" என்றார். காலையில் அவர் கரையில் சிப்பி இறக்கிக்கொண்டிருப்பவர். படகு மெதுவாகப் போவது இவருக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு ஏன் பரிந்து பேசுகிறார்?

அக்டோபர் 24, வியாழன்

சிப்பி உரிக்கும் கொட்டகையில் சிசுரு என் பக்கத்தில் உட்காருபவள். அவளிடம்தான் முதலில் புலம்பினேன், "ஒரு கைகூடத் தூக்க மாட்டேங்கிறானே" என்று. அடுத்த வாரமே அவன் கை தூக்குகிறான். யார் போய்ச் சொன்னது? சிசுருவின் தங்கை அவன் படகில் ஏறித்தான் கூரேக்கு வேலைக்குப் போகிறாள்.

இன்று அவள் பக்கத்தில் உட்காரவில்லை. "என்னக்கா, என்மேல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டாள். கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கத்தி விரலில் ஏறிவிட்டது.

அக்டோபர் 29, செவ்வாய்

அலையைப் படம் பிடித்துக்கொண்டு போய் ஒகுகாவாவிடம் புகார் கொடுத்தேன். தெய்ஜியிடம் சொல்லவில்லை. அவர் மட்டும் எல்லாவற்றையும் சொல்கிறாரா?

ஒகுகாவா படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இது போதும்மா. ஒன்பதாம் தேதி கூட்டத்துல வெச்சுடறேன். சங்கம் ஒரு வார்த்தை சொன்னா நகராட்சி அவன் படகை நிறுத்திடும். அப்புறம் அவன் பஸ்ஸுக்கே போக வேண்டியதுதான்."

நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்?

நவம்பர் 2, சனி

கடைவாய்ப் பல் வலி. அலை, அலை, அலை.

நவம்பர் 5, செவ்வாய்

பல் தாங்கவில்லை. கூரேக்குப் போயே ஆகவேண்டும். வழக்கமாக அங்கே போகும் பெரிய பயணிகள் படகு பழுது பார்க்கப் போயிருக்கிறது. இருப்பது அவன் படகு ஒன்றுதான். நல்லதுதான், என் முகத்துக்கு முன்னால் என்ன செய்கிறான் என்று பார்த்துவிடலாம் என்று ஏறினேன்.

உள்ளே மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்பக்கத்தில், வெளியே, அவன் முதுகைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தேன். அவன் திரும்பி, எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி, "குனிஹிரோ அம்மா, அங்க தண்ணி தெறிக்கும்" என்றான். "தெறிக்கட்டும்" என்றேன்.

முனையைத் தாண்டியதும் படகு தண்ணீருக்கு மேல் எழும்பிக்கொண்டு ஓடியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். நீளமாக, தாழ்வாக ஒரு சுருக்கம் மட்டும். போர்வை மடிப்பு போல. இவ்வளவுதானா? தூரத்தில் எங்கள் தெப்பம் தெரிந்தது. அவன் கைப்பிடியைப் பாதிக்கு இழுத்தான்.

படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் தண்ணீருக்குள் அமுங்கியது. என் முதுகுக்குப் பின்னால் கடல் குழிந்து, குழிக்குப் பின்னால் ஒரு சுவர் எழுந்தது. நிஜமாகவே சுவர். அது விரிந்து எங்கள் தெப்பத்தை நோக்கிப் போனது. முன்னால் பார்த்தேன். அந்த மனிதர் கையுறையைத் தூக்கி, ஆளில்லாத என் தெப்பத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பவே இல்லை. ஏன் திரும்ப வேண்டும்? பஸ்ஸுக்குப் பின்னால் அலையா வரும்?

"ஏன் இங்க மட்டும் குறைக்கறீங்க?" என்று கத்தினேன்.

"உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரும்மா! சிப்பி எல்லாம் கொண்டுவந்து குடுத்து, எங்க தெப்பத்துகிட்ட கொஞ்சம் மெதுவாப் போங்கன்னு கேட்டுக்கிட்டார். அன்னியிலேருந்து ஒரு நாள்கூட விடலை!"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் என்ன செய்வேன்?

பல்லைப் பிடுங்கினார்கள். வலிக்கவே இல்லை.

நவம்பர் 5, மாலை

தெய்ஜியைக் கேட்டேன். ஒப்புக்கொண்டார். "நீ படி ஏறாதேன்னுட்டியே, எப்படிச் சொல்றது?" என்றார். நாலு வார்த்தை கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பஞ்சுதான் வெளியே வந்தது.

இரண்டு பேரும் உட்கார்ந்து இதையே யோசித்தோம். ஊர்ந்து போகச் சொன்னால் கூரேயில் ரயிலை எல்லோரும் விட்டுவிடுவார்கள். பாதி வேகத்தில் படகு அமுங்கித் தண்ணீரைத் தள்ளும் அலை எங்களை அழித்துவிடும். அப்படியானால் அவர் முன்பு போனது போலவே, திரும்பிப் பார்க்காமல், பறந்துகொண்டு போவதுதான் வழி. நான் மரியாதை இல்லை என்றேனே, அதுதான்.

நவம்பர் 6, புதன்

பழைய துறைக்குப் போய் யாபுகியிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டார். "அப்போ இத்தனை நாளும் நான்..." என்று இழுத்தார். "நாங்க கேட்டதைத்தான் செஞ்சீங்க" என்றேன். "ஆனா தெப்பத்துல ஆள் நிக்கும்போது முழு வேகத்துல போறதுக்கு மனசு வராதேம்மா" என்றார். "வரவழைச்சுக்கோங்க" என்றேன். புகார் கொடுத்ததையும் சொல்லிவிட்டேன். "நீங்க வேற என்னதான் நினைச்சிருக்க முடியும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 9, சனி

கூட்டம். ஒகுகாவா என் படத்தை எல்லோருக்கும் காட்டி முடித்ததும் எழுந்து நின்றேன். புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"வேகமாப் போனா அலை குறையுமா? பல்லோட சேர்த்து வேற எதையாவது பிடுங்கிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துச் சிரித்து உருண்டார்கள். காது மடல் எரிந்தது. ஒகுகாவா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் புகார் கொடுத்தவளே வேண்டாம் என்றபின் யாரால் என்ன செய்ய முடியும்? படகு நிற்காது.

சிசுருவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "என்மேல சந்தேகமா? எனக்குத் தெரியவே இல்லையேக்கா! நான் நிஜமாவே நாத்தம்னு நினைச்சு சோப்பு மாத்தினேன்" என்றாள்.

நவம்பர் 20, புதன்

சரம் தூக்கினோம். போன மாதம் எஞ்சியவை அப்படியே இருக்கின்றன. கனமாக இருக்கின்றன.

நவம்பர் 27, புதன்

ஒகுகாவா வாசலிலேயே நின்று கேட்டார்: "நேத்துப் பாத்தேன். உன் தெப்பத்தைத் தாண்டி ராக்கெட் மாதிரி போறான். நீயும் பாத்துக்கிட்டே நிக்கறே. உண்மையைச் சொல்லு, அவன் உங்க ரெண்டு பேருக்கும் என்ன குடுத்தான்?"

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்த பார்வை இருக்கிறதே, இலையுதிர்காலம் முழுவதும் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கதவைச் சாத்தாமல் தேநீர் குடிக்கக் கூப்பிட்டேன். வரவில்லை.

நவம்பர் 30, சனி

யாபுகி பதறிக்கொண்டு வந்தார். ஒகுகாவா துறைக்கே போய் மிரட்டியிருக்கிறாராம், தன் தெப்பத்துக்கு நேராக ஒழுங்காக வேகத்தைக் குறைத்து வணக்கம் வைத்துப் போகவேண்டும் என்று. "நான் சொல்லிப் பாத்துட்டேம்மா. நீ எனக்குக் கடல் சொல்லித் தரியாங்கிறார். என்ன செய்யட்டும்?"

"பெரியவர் வாய்விட்டுக் கேக்கறார். ஒரே ஒரு நாள் அவர் கேட்டபடியே செஞ்சுடுங்க" என்றேன். தெய்ஜி தும்முவது போல முகத்தை மூடிக்கொண்டார்.

டிசம்பர் 2, திங்கள்

காலை. வெள்ளைப் படகு எங்களைத் தாண்டிப் பறந்தது. தெப்பம் லேசாக அசைந்து அடங்கியது. ஒகுகாவாவின் தெப்பம் நெருங்கியதும் பாதியாகக் குறைந்தது. அவர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்று, வணக்கத்தைத் திருப்தியாக வாங்கிக்கொண்டார். பிறகு அவர் உட்கார்ந்ததைப் பார்த்தேன். பிறகு படுத்ததையும்.

மத்தியானம் தெய்ஜி கூரேக்குப் போன் போட்டு, பெயின்ட் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மாலையில் ஒகுகாவா வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தேநீரை முழுக்கக் குடித்து முடித்தபிறகுதான் வாய் திறந்தார்.

"சதோமி, அந்த யாபுகி... அவர்கிட்ட என் சார்பா நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன்."