தினம் ஏழு சொட்டு

வீடு,
4 மார்ச் 1992

அன்பு மருமகள் நெவ்யானாவுக்கு,

எட்டு மாதம் நிரம்பும் முன்பே பேரன் அவசரப்பட்டு வந்துவிட்டான் என்று உன் வீட்டுக்காரன் கமென் தபால் ஆபீசுக்குப் போன் செய்தான். உடனே மாவு பிசைந்து, பிள்ளை பிறந்ததற்கான ரொட்டியைச் சுட்டு, தேன் தடவித் தெருப் பெண்களுக்கெல்லாம் பிய்த்துக் கொடுத்தேன். "ஒன்றரைக் கிலோதானாமே?" என்று எதிர்வீட்டு ராதோஸ்தினா இழுத்தாள். "இருந்தாலும் ஒன் மருமவனவிட வெவரமா இருப்பான். நீ ரொட்டியத் தின்னு" என்றேன்.

எங்களுக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லையா? மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஆசிகளுடன்,
அத்தை ஸ்வெதானா


பிளோவ்திவ் ஆஸ்பத்திரி,
7 மார்ச்

அன்புள்ள அத்தைக்கு,

கோபிக்காதீர்கள். பேனா பிடிக்கக் கை வரவில்லை. குழந்தைக்குத் தலைக்குள் இரத்தம் கசிகிறது. குதிகாலில் ஊசி குத்திய இடம்கூட மூடவில்லை. பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நான் சாப்பிடும் வலிப்பு மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தை உறையவிடாதாம். அதற்காகத்தானே தினம் ஏழு சொட்டு வைட்டமின் கே குடிக்கச் சொன்னார்கள்?

"நெசமா குடிச்சியாம்மா?" என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். "ஒரு நாள்கூட விடல டாக்டர்" என்றேன். அவர் நம்பவில்லை. கமெனும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது பிள்ளைக்கே அந்த வைட்டமினை ஊசியாகப் போட்டிருக்கிறார்கள்.

நான் எங்கே தவறினேன், அத்தை?

உங்கள் நெவ்யானா


வீடு,
12 மார்ச்

என் கண்ணே,

பிள்ளை போய்விட்டான் என்று கமென் போனில் அழுதான். "எல்லாம் அவளால" என்றான். "வாய மூடுடா" என்று திட்டிவிட்டேன்.

நீ எங்கும் தவறவில்லை. அந்த மருந்தில் ஒரு சொட்டுகூட உன் உடம்பில் சேரவில்லை. நீ இங்கே நம் வீட்டில் இருந்தபோது உன் மருந்து சீசாவில் 'கே' என்று பார்த்ததுமே எனக்கு உதறல் எடுத்துவிட்டது. காலில் இரத்தம் கட்டி மாமா படுத்தபோது, "இந்தக் கே அவருக்கு விஷம். கீரை, முட்டைக்கோஸ் பக்கமே போகக் கூடாது" என்று நம் டாக்டர் சொன்னாரே! அதனால் மருந்தைக் கொட்டிவிட்டுச் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி வைத்தேன். இல்லையென்றால் உன்னையும் அல்லவா இழந்திருப்போம்?

அடுத்த பிள்ளைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் வா. கோழி சூப் வைத்துத் தருகிறேன்.

அத்தை


பிளோவ்திவ்,
16 மார்ச்

அத்தைக்கு,

மாமாவுக்கு இரத்தம் உறையக் கூடாது. என் பிள்ளைக்கு உறைய வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்கள் கடிதத்தைக் கமெனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீ குடிச்சிருந்தா பொழச்சிருப்பானா?" என்று கேட்டான்.

அதை நான் டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். "சொல்ல முடியாதும்மா. அம்மா ஒழுங்கா குடிச்சாலும் குறைமாசப் பிள்ளைங்களுக்குத் தலையில ரத்தம் கசியறதுண்டு" என்றார்.

கமெனிடம், "கண்டிப்பா பொழச்சிருப்பான்" என்றேன்.

இனி அவன் அந்த வீட்டுப் படி ஏறமாட்டான். டாக்டர் சொன்னது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள், நம்புகிறானா என்று.

நெவ்யானா