ஜூன் ஐந்து என்ற கெடு

மார்ச் 17
இன்று ஒன்பது ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களை வெட்டிக் கிடத்தினோம். பொறிமரங்கள். நிற்கும் மரத்தை விட்டுவிட்டுப் பட்டை வண்டுகள் இவற்றில் வந்து முட்டையிடும். புழு வெள்ளையாக இருக்கும்போதே பட்டையை உரித்தால் காய்ந்து சாகும். பழுத்து வண்டாகிவிட்டால் பறந்துபோய்க் காட்டையே தின்னும். போன வருடம் தம்பி ஓல்ட்ரிக் அவசரப்பட்டு முன்னாலேயே உரித்துத் தொலைத்தான். பாதி வண்டு வந்து சேரவேயில்லை. "இந்தத் தடவை நான் சொல்லாம கத்தியைத் தொடாதே" என்றேன். அப்பா காலத்திலிருந்து பட்டை உரிக்க ஜூன் ஐந்துதான் கெடு.

ஏப்ரல் 22
ஏப்ரலில் இருபத்தொன்பது டிகிரி! மற்ற வருடங்களில் பதினைந்தைத் தாண்டாது. மழை இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வோய்தேக் மொட்டைச் சரிவில் மறுபடியும் ஸ்ப்ரூஸ் மட்டுமே நடுகிறார். பீச், ஃபிர், ஓக் எல்லாம் கலந்து நடச் சொல்லி எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்துவது?
"நூறு வருஷமா இதுதாம்மா எங்களுக்குச் சோறு போட்டுச்சு."
"அப்ப அந்தக் காலத்து மழையையும் சேர்த்து நடுங்க."
அவர் முகம் சிவந்துவிட்டது. சிவக்கட்டும்.

மே 19
பிர்னோ நகரில் பயிற்சி வகுப்பு. மாறும் வானிலைக்குக் காட்டை எப்படித் தயார் செய்வது என்று நான்தான் பேசினேன். நல்ல கைதட்டல். இடைவேளையில் ஓல்ட்ரிக் போனில் கூப்பிட்டான், உரிக்கட்டுமா என்று. இவனுக்கு எப்போதும் அவசரம்தான். ஜூன் ஐந்து என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 27
போச்சு. எல்லாம் போச்சு. ஒன்பது மரத்திலும் பட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. உள்ளே ஒன்றுமில்லை, பறந்துவிட்டன.
"இங்கேயே கிடக்கிறியே, கண்ணு என்னடா பிடரியிலயா இருக்கு?"
ஓல்ட்ரிக் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திமிர்!

ஜூன் 30
அப்பா நட்ட மேட்டில் ஒவ்வொரு மரத்தடியிலும் காப்பித்தூள் மாதிரி வண்டு குடைந்த மரத்தூள். எல்லாவற்றையும் வெட்டியாக வேண்டும். வோய்தேக்கின் காட்டிலும் வண்டு இறங்கிவிட்டது.
"உன் வீட்டு விருந்தாளிங்க எங்க வீட்டுக்கும் வந்துட்டாங்க, யித்கா."
தம்பி செய்த வேலை என்றேன்.

ஜூலை 2
ஓல்ட்ரிக் என்றைக்குக் கூப்பிட்டான் என்று பார்க்கத்தான் இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன். மார்ச் 17. ஏப்ரல் 22. மே 19. எல்லாம் என் கையெழுத்து.
வானிலை மாறிவிட்டது என்று ஊரெல்லாம் கத்தினவள், சூட்டில் சீக்கிரம் பழுக்கிற வண்டுக்கு மட்டும் அப்பாவின் காலண்டரைக் காட்டியிருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! கைதட்டல் வேறு.

ஜூலை 3
ஓல்ட்ரிக் பூண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன், தப்பு என்னுடையது என்று.
"தெரியும். அன்னிக்கே புழு பழுப்படிச்சிருந்துச்சு."
"அப்ப ஏன்டா வாயைத் திறக்கலை?"
"நீ விட்டாத்தானே, அக்கா."
எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினான். வரும் வழியில் வோய்தேக்கின் கதவைத் தட்டி உண்மையைச் சொன்னேன். அவர் விட்ட திட்டு சூப்பைவிடச் சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 24
மேடு மொட்டை.

அக்டோபர் 20
மேட்டில் பீச், ஃபிர், ஓக். மான் கடிக்காமலிருக்க வேலியும் போட்டாயிற்று. வோய்தேக் பார்த்துக்கொண்டே நின்றார். போகும்போது பீச் கன்று எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

மறு வருடம், மே 12
கீழ்ச்சரிவில் மிஞ்சிய ஸ்ப்ரூஸுக்காக இந்த வருடம் நான்கே பொறிமரம். காலையில் ஓல்ட்ரிக்கைக் கூப்பிட்டேன்.
"டேய், ஒரு பட்டையைக் கிளப்பிப் பாரு. வெள்ளையா இருந்தா உரிச்சுடு."
"நேத்தே உரிச்சாச்சு."
"என்னைக் கேக்காமலா?"
"ஆமா."
கோபம் உச்சிக்கு ஏறியது. போய்ப் பார்த்தேன். நான்கு மரமும் பளபளவென்று கிடந்தன, கீழே வெள்ளைப் புழுக்கள் வெயிலில் சுருண்டிருந்தன.