மூன்று சுத்தமான குச்சிகள்

பதிவு 1
நாள் 41 | 07:10 | உடல் வெப்பம் 36.8

கண்ணீர் அஞ்சலி. நிலாத் தென்முனைச் சுரங்கக் குடியிருப்பு, மருத்துவப் பிரிவு, மூன்றாம் எண் தனியறையில் வசித்துவந்த எனது இடது செருப்பின் வார் இன்று காலை 06:40 மணியளவில் அறுந்து இயற்கை எய்தியது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இறுதிச் சடங்கு கழிவு எரிக்கும் அடுப்பில் நடைபெறும். இவண், துயருறும் வலது செருப்பு.

இதைப் படிக்கும் நீ யாரென்று எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு இந்த அறையில் அடைபட்ட ஆள். தினமும் வெப்பநிலையைக் குறித்து நாலு வரி எழுதச் சொல்லி டாக்டர் ஹமீதா இந்த எழுதுபலகையைக் கொடுத்தார். பலகை அறையை விட்டு வெளியே போகாது. எண்கள் மட்டும் அவருடைய திரைக்குப் போகும். எழுத்து முழுக்க உனக்கு.

நான் கொம்பையா, வயது பதினாறு. பெயரிலேயே கொம்பு இருப்பதால் தலையில் தனியாக முளைக்கத் தேவைப்படவில்லை. அப்பா சுரங்கத்தில், அம்மா கோவில்பட்டியில், நடுவில் நான். கையில் கிழிந்த காயத்தில் கிருமி புகுந்து இங்கே வந்தேன். காயம் ஆறிவிட்டது. கிருமிக்குத்தான் என்னைப் பிரிய மனமில்லை, மூக்குக்குள் குடியிருக்கிறது. நோயாளியில் நோய் போய்விட்டது, ஆளி மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவு 2
நாள் 42 | 10:30 | 36.7

சட்டம் தெரிந்துகொள். மூக்கில் நீயே பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்தடுத்து மூன்று நாள், மூன்று குச்சியிலும் எதுவும் வளராமல் இருந்தால்தான் நீ சுத்தம். ஒன்றில் வளர்ந்தாலும் மறுபடி ஒன்றாம் வாய்ப்பாடு. இதுவரை நான்கு முறை தோற்றிருக்கிறேன்.

பூமிக்கான கப்பல் நாள் 53, காலை 11 மணிக்குக் கதவடைக்கும். அடுத்தது நான்கு மாதம் கழித்து. சுத்தச் சான்றிதழ் இல்லாதவனுக்கு ஏணியைக்கூடக் காட்டமாட்டார்கள்.

என் கிருமியின் ஜாதகம் சுவரில் ஒட்டியிருக்கிறது. இங்கே மருந்துகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்றுதான் பெயர். முதல் நான்குக்கும் நேராக ‘கேட்காது’ என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. மருந்துக்குக்கூட ஒரு மருந்து கேட்காது. ‘உ’ மட்டும் கேட்கும். ஊரெல்லாம் முதலில் போடும் பிள்ளையார் சுழியை இவர்கள் கடைசியில்தான் போடுவார்கள். காரணம், அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எந்தக் கிருமி என்று உறுதியாகத் தெரியாமல் அதைத் தொடமாட்டார் டாக்டர்.

பதிவு 3
நாள் 45 | 11:15 | 36.8

சரித்திரத்தில் பொறிக்க வேண்டிய நாள். மூன்று நாளாகக் குச்சி என் மூக்கைப் பார்க்கவே இல்லை. உறையைப் பிரித்தேன், காற்றில் ஒரு சுற்று சுற்றினேன், குழாயில் போட்டு மூடினேன்.

எப்படி என்கிறாயா? அறையில் கேமரா இருக்கிறது. முன்பு உண்மையாகவே குச்சி விட்டுக்கொண்ட நாளின் படத்தை அதன் நினைவகத்திலிருந்து உருவி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். இதற்காகக் கட்டிலின் மணிக் கம்பியை அறுத்து, மருந்து உறையின் வெள்ளித்தாளால் இணைப்புக் கொடுத்தேன். நிலாவின் மருத்துவக் கணினியையே மூக்கறுத்திருக்கிறேன். அதுவும் மூக்கை வைத்தே.

பதிவு 4
நாள் 47 | 16:40 | 36.6

சுத்தம். சுத்தமோ சுத்தம். சான்றிதழ் வந்துவிட்டது. கப்பல் கிளம்பும்வரை பொதுக்கூடத்தில் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். பலகை அறையைத் தாண்டக்கூடாது என்பது விதி, ஆனால் என் சட்டைக்கு அந்த விதி தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் வடிவக்கா. முழுப்பெயர் சுடலைவடிவு, தூத்துக்குடி, குழாய் பற்றவைக்கும் வேலை. குழாய் சரிந்து தொடை எலும்பு இரண்டாகி, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு மாதமாக இன்டர்காமில் மட்டும் சண்டை போட்டவள். நேரில் பார்த்ததும் சொன்னாள்:

“ஏல, கொரலக் கேட்டு ஆளு பனமரம் மாரி இருப்பேன்னு நெனச்சேன். பனங்கொட்ட மாரில்லா இருக்க.”

காலுக்கு வார்ப்பட்டை கட்டி அசையாமல் வைத்திருக்கிறார்கள். மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

“கொம்பு, அந்தப் பட்டைக்கு உள்ள அரிக்கி. கை எட்டமாட்டேங்கி. கொஞ்சம் சொறிஞ்சு விடுல.”

கட்டுத்துணியை ஓரமாகத் தூக்கி, விரலை விட்டுச் சொறிந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

“நல்லா இருப்பல. ஒங்கம்மா குடுத்து வச்சவ.”

பதிவு 5
நாள் 50 | 13:05 | 36.9

மீண்டும் மூன்றாம் எண் அறை. தனிமைப் பிரிவு. எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் வடிவக்காவுக்கு நடுக்கத்துடன் காய்ச்சல், 39.8. தையலைச் சுற்றிச் சிவந்து, சீழ் வைத்திருக்கிறது. கூடத்தை மூடி எல்லாரையும் பிரித்துவிட்டார்கள். என் சான்றிதழ் செல்லும். கப்பலில் இடமும் இருக்கிறது.

டாக்டர் ஹமீதா எல்லா அறைக்கும் இன்டர்காமில் பேசினார்:

“ரத்தம் எடுத்திருக்கோம். என்ன கிருமின்னு வளர்ந்து தெரிய மூணு நாளாகும், மெஷின் பழசு. அதுவரைக்கும் ‘அ’வும் ‘இ’யும் குடுத்துப் பார்ப்போம். யாராவது அவங்க காயத்தைத் தொட்டீங்களா, கட்டை அவிழ்த்தீங்களா? தெரிஞ்சா சொல்லுங்க. திட்டமாட்டேன்.”

சுவரைப் பார்த்தேன். அ, கேட்காது. இ, கேட்காது.

என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லையே. சுரங்கத்தில் ஆயிரம் கிருமி.

பதிவு 6
நாள் 51 | 09:20 | 36.8

அவளுக்கு 40.1. மருந்து கேட்கவில்லை. இன்று ‘ஈ’யைச் சேர்த்திருக்கிறார்கள். ஈ என்றால் ஓட்டிவிடலாம் என்று ஒரு சிலேடை எழுதினேன். அழித்துவிட்டேன்.

கைகளை ஒன்பது முறை கழுவியிருக்கிறேன். இப்போது எதற்கு என்று தெரியவில்லை.

பதிவு 7
நாள் 52 | 15:30 | வெப்பம் பார்க்கவில்லை

வடிவக்கா இன்டர்காமில் கூப்பிட்டாள். மூச்சு இரைத்தது. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“கொம்பு, இருக்கியால?”

“இருக்கேன்க்கா.”

“பெட்டி கட்டிட்டியா?”

“கட்டிட்டேன்.”

“டாக்டரம்மா மூணு தரம் கேட்டாவ, யாரு தொட்டான்னு. நீ சொறிஞ்சு விட்டத நான் சொல்லலை. சொன்னா ஒன்னிய நிப்பாட்டிருவாவ. நீதான் சுத்தம்னு காயிதம் வாங்கினவன்லா, ஒன்னால எப்படி வரும்? வீணா எதுக்குச் சொல்லணும். போயி ஒங்கம்மாவப் பாரு.”

சுவரிலிருந்த ‘உ’வைப் பார்த்தேன்.

“என்னல, வாயத் தைச்சுட்டாவளா? ஒரு நாளும் இப்பிடி இருக்கமாட்டியே.”

“தூங்குங்கக்கா.”

“சவத்து மூதி, தூக்கம் வந்தா ஒங்கிட்ட ஏம்ல பேசுதேன்.”

பதிவு 8
நாள் 52 | 17:00

கணக்கு. நாளை 11 மணிக்குக் கதவு மூடும். ரத்த முடிவு 12 மணிக்கு வரும். நான் வாயைத் திறக்காவிட்டாலும் 12 மணிக்கு அவர்களுக்கே தெரிந்துவிடும், ‘உ’வைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது நான் மேலே போய்க்கொண்டிருப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை. எனக்குக் கப்பல், அவளுக்கு மருந்து.

இதை ஏழு முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது.

பதிவு 9
நாள் 53 | 09:10

சொல்லிவிட்டேன். காலை 08:50க்கு. அவளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது என்று ஜெசிந்தா சிஸ்டர் வராந்தாவில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு இன்டர்காமை எடுத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. “எந்தத் தேதியில தொட்டே?” என்றார். சொன்னேன். “குச்சி மூணுமே போலியா?” என்றார். ஆமாம் என்றேன். பிறகு அவர் குரல் வேறு யாரிடமோ பேசியது: “‘உ’ எடுங்க. ஆமா, கிட்னி போனாலும் பரவால்ல. இப்பவே.”

10:40. ஏணியை எடுக்கும் சத்தம்.

11:00. கதவு.

12:05. ரத்த முடிவு வந்துவிட்டது. என் சுவரில் இருப்பதேதான், ஒரு எழுத்து மாறாமல். நான் சொன்ன உண்மை அவளுக்கு மூன்று மணி நேரம் மிச்சப்படுத்தியது. சொல்லாத உண்மை மூன்று நாள் தின்றது.

15:00. இன்டர்காமில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

15:20. எடுக்கவில்லை.

பதிவு 10
நாள் 54 | 08:30 | 36.7

காலை 06:15க்கு வடிவக்கா

சுடலைவடிவு, வயது நாற்பத்து நான்கு. இதற்கு மேல் எழுத வரவில்லை. எனக்குத் தெரிந்த அறிவிப்பு நடை எதுவும் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

தூத்துக்குடிக்கு உடலை அனுப்ப முடியாதாம். கிருமி.

பதிவு 11
நாள் 55 | 10:00 | 36.8

அடுத்து வரும் ஆளே, பதிவு மூன்றைப் படித்துவிட்டு என்னைப் பெரிய ஆள் என்று நினைத்திருப்பாய். அதற்காகத்தான் எழுதினேன். அதை நம்பாதே. இந்தக் கேமரா நான் வருவதற்கு முன்பே செத்துவிட்டது, உள்ளே கம்பியே இல்லை. நான் எந்தக் கணினியையும் தொடவில்லை. வெள்ளித்தாள் கதையும் பொய். கட்டில் மணி நன்றாகத்தான் அடிக்கிறது.

கேமரா இல்லாததால் ஜெசிந்தா சிஸ்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு அறைக்கு அவர் ஒருத்திதான். மூன்று நாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிற போக்கில் கேட்டார்:

“எடுத்தாச்சா மக்ளே?”

“ஆச்சு சிஸ்டர்.”

அவர் கையெழுத்துப் போட்டார். நான் செய்தது அவ்வளவுதான்.