தகரம் அடித்த அறையில் சிக்னல்

என் வாயாடிக்கு அம்மா எழுதுறது. நீ நல்லா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடணும், ஒழுங்காத் தூங்கணும், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். இங்கே நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். சௌக்கியம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரலை, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இந்தக் காலத்துல யாரும்மா காகிதத்துல எழுதுறாங்கன்னு நீ கேப்பே. நம்ம வீட்டுக்குள்ள போன் எடுக்கிற லட்சணம் உனக்குத் தெரியாததா, ஒரு வார்த்தை தெளிவாப் பேசணும்னா பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் நிக்கணும், அங்கே நின்னு கத்தினா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க மொத்தப் பேரும் நம்ம குடும்பக் கதையைக் கேட்டு முடிச்சுட்டுத்தான் ஏறுவாங்க. இது அப்படிக் கத்திச் சொல்ற சமாச்சாரம் இல்லை. எழுதி முடிச்சதும் மருந்துக்கடைக்காரர்கிட்ட குடுத்துப் பக்கம் பக்கமா படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போறேன். அவர் கண்ணுல நாலு வரி பட்டா பட்டுட்டுப் போகட்டும், எப்படியும் அவர்தானே மருந்து குடுக்கிறார்.

அப்பாவுக்குக் குரல் கம்மியிருக்கு, வெறும் சளின்னு உன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன் இல்லையா. சளி இல்லை கண்ணு. குரல்வளையில கட்டி. கேன்சர்னு சொல்ல இன்னும் எனக்கு வாய் வரலை, எழுதிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்களை உட்கார வெச்சுப் பொறுமையாத்தான் சொன்னாங்க, குரல்வளையை எடுத்துடணும், எடுத்துட்டா உயிருக்கு நல்ல நம்பிக்கை இருக்கு, தள்ளிப்போடக் கூடாதுன்னு. வர்ற புதன்கிழமை ஆப்பரேஷன். அதுக்கப்புறம் கழுத்துல ஒரு துளை வழியாத்தான் மூச்சு விடுவார். பழக்கினா ஏதோ ஒரு மாதிரி பேச வரலாம், கருவி வெச்சும் பேசலாமாம், ஆனா நீயும் நானும் கேட்டுப் பழகின இந்தக் குரல் இருக்காதுன்னு முகத்தைப் பாத்தே சொல்லிட்டாங்க. உனக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பா ஒத்தைக் கால்ல நின்னார், புது வேலை, லீவு கிடைக்காது, பாவம் அங்கே தனியா உட்கார்ந்து அழும்னு. இப்போ அவரேதான் எழுதுன்னு சொல்லியிருக்கார். எப்படி மனசு மாறினார்னு சொல்றேன், அழாமப் படி.

போன தடவை பஸ் ஸ்டாப்புல நின்னு பேசினப்போ நீ ஒண்ணு சொன்னே. அப்பாகிட்ட போனைக் குடுத்தா சாப்பிட்டியா, வேலை எப்படின்னு ரெண்டு வார்த்தை கேக்கறார், உடனே கட் பண்ணிடறார், திரும்பக் கூப்பிட்டா போனை அணைச்சே வெச்சிடறார், நான் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தது அவருக்கு இன்னும் ஆறலை போலிருக்கு, பேசப் பிடிக்கலைன்னா கட்டாயப்படுத்தாதே, விட்டுடும்மான்னு. எனக்கு ஒண்ணும் ஓடலை. ஏன்னா வீட்டுல நான் பாக்கறதே வேற. உன் போன் வந்தா ஜன்னல் கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை கேப்பார், அப்புறம் போனைக் காதுல வெச்சபடியே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவார். என் முன்னாடி மககிட்ட கொஞ்சிப் பேச மனுஷனுக்கு வெக்கம், அது உனக்கே தெரியும். நான் அடுப்பு வேலையெல்லாம் முடிச்சும் வெளியே வர மாட்டார். வந்தா முகம் அப்படியே தெளிஞ்சிருக்கும், நல்லாப் பேசிட்டேன்னு சொல்லிட்டு ஒரு சொம்பு தண்ணி குடிப்பார். இவ்வளவு பேசியும் இவ எதுக்குப் பொய் சொல்றான்னு உன் மேலதான் எனக்குக் கோபம் வந்துது.

அடுத்த தடவை நீ கூப்பிட்டப்போ துணி மடிக்கிற சாக்குல நானும் பின்னாடியே உள்ளே போயிட்டேன். அவர் கட்டில்ல சுவரைப் பாத்து உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தார். மாடி வீட்டுத் தையல்காரியோட பூனை நம்ம மழைநீர்க் குழாய்ல மாட்டிக்கிட்டதையும், அதை வெளியே எடுக்க அவர் பட்ட பாட்டையும் சொல்லிச் சிரிச்சார். அப்புறம் குரல் இறங்கிப் போச்சு. நீ கிளம்பினது சரிதான், அந்தத் தைரியம் உன் வயசுல எனக்கு வரலை, வந்திருந்தா நானும் நாலு ஊர் பாத்திருப்பேன்னு சொல்லிட்டிருந்தார். நான் எட்டிப் போனைப் பாத்தேன். லைன் இல்லை. எப்பவோ அறுந்து, திரையில வெறும் நேரம்தான் காட்டிக்கிட்டிருக்கு. இவருக்கு அது தெரியவே இல்லை. வருஷக்கணக்காப் பட்டறையில தகரம் அடிச்சு அடிச்சு மந்தமான காது, அந்தப் பக்கம் சத்தமில்லைன்னா நீ குறுக்கே பேசாமக் கேட்டுட்டிருக்கிறதா நினைச்சுக்கிட்டு இத்தனை நாளும் பேசியிருக்கார். நான் மடிச்ச துணியையே மறுபடியும் மடிச்சுக்கிட்டு நின்னேன்.

அதுக்கப்புறம் நானும் என்னென்னமோ செஞ்சேன். போனை அலமாரி மேல வெச்சுப் பாத்தேன், எவர்சில்வர் பாத்திரத்துல போட்டா நல்லா எடுக்கும்னு தையல்காரி சொன்னாள்னு அதையும் பண்ணினேன், எடுத்த அழகு அந்தப் பாத்திரத்துக்குத்தான் தெரியும். சிம்மை மாத்தினேன். கடைசியில போன் கம்பெனிக்கு எழுதிக் குடுத்து ஒரு பொண்ணு வந்தாள். கையில போனை வெச்சுக்கிட்டு வீடு முழுக்க நடந்தாள். ஜன்னல் கிட்ட சிக்னல் ரெண்டு கோடு, உள் அறை வாசல்படியில ஒண்ணு, உள்ளே கால் வெச்சா ஒண்ணுமில்லை. சுவரைத் தட்டிப் பாத்துட்டு இது என்னம்மான்னு கேட்டாள். என்னத்தைச் சொல்ல. மழைக்கு உள் அறைச் சுவர் ஊறுதுன்னு நாலு பக்கமும் தகரம், வெயிலுக்குக் கூரைக்கு அடியில தகரம், திருடனுக்கு இரும்புக் கதவு, எல்லாம் உங்கப்பா கைவேலை, இடுக்குல எறும்பு கூட நுழையாது. தெருவே நம்ம வீட்டை பிஸ்கட் டப்பான்னு கூப்பிடறது சும்மாவா. கூரை மேல ஆண்டெனா வெச்சு ஒயர் இழுத்து உள்ளே ஒரு பெட்டி மாட்டலாம், அதுக்குக் கம்பெனி அனுமதி வரணும், நாளாகும்னாள். இன்டர்நெட் லைன் போட்டா அது வழியாவே பேசலாம், அதுவும் புதன்கிழமைக்குள்ள வராதுன்னாள். உடனே ஆகணும்னா சிக்னலைத் தடுக்கிற இந்த வெளிப் பக்கத்துத் தகரத்தைக் கழட்டுங்கன்னுட்டாள்.

அப்பாவுக்கு வந்துதே கோபம். ஒரு சொட்டுத் தண்ணி இறங்காத சுவர், எவளோ வந்து தட்டிப் பாத்துட்டுக் கழட்டச் சொன்னா கழட்டணுமா, முன் அறையிலேயே பேசிக்கறேன்னார். முன் அறையில தெருச் சத்தத்துல உங்க காதுக்கு என்ன கேக்கும், நாலு பேர் எதிர்ல நீங்க என்னத்தைப் பேசிக் கிழிப்பீங்கன்னு நானும் விடலை. அதுக்கும் அசையலை. அப்போதான் அந்தப் பொண்ணை வாசல் வரைக்கும் போய் அனுப்பிட்டு வந்து எல்லாத்தையும் போட்டு உடைச்சேன். நீங்க உள்ளே போன உடனே லைன் போயிடுது, உங்க மகளுக்குச் சாப்பிட்டியாங்கிறதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை, அப்பாவுக்கு என் மேல கோபம்னு அது அங்கே மருகிக்கிட்டு இருக்குன்னு. அவர் என்னையே பாத்தார். பூனை விஷயம் கூடவான்னு கேட்டார். பூனை விஷயம் கூடத்தான்னேன். கட்டில்ல உட்கார்ந்துட்டார். அப்போ மொதல்லேர்ந்து சொல்லணுமேன்னார், புதன்கிழமைக்குள்ள. அவ்வளவுதான் சொன்னார். நான் அடுக்களைக்குப் போய் அழுதுட்டு வந்தப்போ, அவளுக்கு எல்லாத்தையும் எழுதிடுன்னார்.

மறுநாள் அவரே பட்டறைப் பெட்டியைத் திறந்தார். ஆள் வெச்சுக்கலாம்னேன், நான் அடிச்சதை இன்னொருத்தன் பிடுங்க வேண்டாம்னுட்டார். ரெண்டு ஆணி பிடுங்குவார், உட்கார்ந்து மூச்சு வாங்குவார், மறுபடி எழுந்திருப்பார். தகரத்தை நசுக்காம ஒவ்வொண்ணாக் கழட்டித் துடைச்சுச் சாய்ச்சு வெச்சார். பின்னாடி சுவர் கறுத்துப் போய்க் கிடக்கு, அடுத்த மழைக்கு அறை முழுக்க ஈரம்தான், ஆகட்டும். கழட்டி முடிச்சதும் கட்டில்ல உட்கார்ந்து போனைப் பாத்தார். ரெண்டு கோடு. தையல்காரியை மாடியிலேர்ந்து போன் பண்ணச் சொல்லிப் பேசிப் பாத்தேன், கதவைச் சாத்தினாலும் அறுபடலை.

அதனால வர்ற ஞாயித்துக்கிழமையே நீ கூப்பிடு. அன்னிக்கு வேற வேலை எதுவும் வெச்சுக்காதே. ஸ்பீக்கர்ல போட்டுத் தர்றேன், நீ கொஞ்சம் சத்தமாவே பேசு, நடுநடுவுல உம் கொட்டு, அழுகை வந்தா போனைத் தள்ளி வெச்சு அழு. பதிவு பண்ணிக்கிறதுன்னா பண்ணிக்கோ, அவர்கிட்ட சொல்லாதே, சொன்னா வாய் திறக்க மாட்டார். இப்போ அவசரப்பட்டு ஓடி வரணும்னு இல்லை, ஆப்பரேஷனுக்கு என் தம்பி கூட இருக்கான், லீவு கிடைக்கிறப்போ வா. குளிர்ல காதை மூடிக்கோ. எந்தக் குறையும் உன்னை அண்டாம நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இன்னொண்ணு. தகரத்தைக் கழட்டினதுலேர்ந்து அப்பா வீட்டுல ஒரு வார்த்தை பேசறதில்லை. பேசப் பேசக் குரல் இன்னும் கட்டுதுன்னு என்கிட்ட எல்லாம் சைகைதான், தண்ணிக்கு ஒரு விரல், விளக்குக்கு ரெண்டு விரல், எனக்கு எரிச்சலாத்தான் வருது, ஆனா நான் வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கறதில்லை. இருக்கிற குரலை உனக்குன்னு வெச்சிருக்கார், மறக்காமக் கூப்பிடு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற,
அம்மா