பார்க்கிறது ஒரு வேலையா?

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் பண்ணின கண் எப்படி இருக்கு? கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே. ஒன்றரை மாசத்துக்கு எந்த வேலையும் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கு. உனக்கு லீவு கொடுத்த மேனேஜரே நான்தானே! ஆனா உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண் மெரூனும் பிரவுனும் ஒண்ணுங்கிறா. டிரைவர்கிட்ட சாயம் போட்ட துணியில நாலு துண்டு கொடுத்து விட்டிருக்கேன். மாதிரித் துணியோட எது சேருதுன்னு சொன்னாப் போதும். சும்மா பார்க்கிறதுதானே, அது ஒரு வேலையா?

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

உனக்கும் பிள்ளைங்களுக்கும் என் அன்பு. மிச்சமெல்லாம் கோபம்தான்.

சாயப் பட்டறையில இத்தனை வருஷமா நான் என்ன கிணறா வெட்டினேன்? நிறம் பார்க்கிறதுதானேடா என் வேலை! உன் டிரைவர் பாவம், பதில் வாங்காம போக மாட்டேன்னு வாசல்ல நின்னு தலையைச் சொறியறார். ரெண்டாவது துண்டு சரி. இதோட ஆளை விடு.

அக்கா

மார்ச் 12

அக்கா,

நீ தெய்வம்! மெரூன் கச்சிதம். இன்னும் ஒரே ஒரு நீலம் மட்டும். வெள்ளிக்கிழமை சரக்கு லாரி ஏறணும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. மெடிக்கல் லீவுல இருக்கிறவங்க வேலை செஞ்சா வேலையை விட்டே நிறுத்திடுவோம்னு முதலாளி புதுசா உத்தரவு போட்டிருக்கார்.

தம்பி

மார்ச் 13

அடேய்,

வேலை செஞ்சா வேலை போயிடும்னும் எழுதறே, கூடவே துணியையும் அனுப்பறே. உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? கண்ணுல தண்ணியா ஊத்துது. டாக்டர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். மத்தக் கண்ணுலயும் புரை இருக்குடா. அதுல நீலமும் பச்சையும் குழம்பும். மூணாவது துண்டுன்னு தோணுது. தோணுதுன்னு மட்டும்தான் சொல்றேன். வெயில்ல வச்சு அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்க்கச் சொல்லு.

அக்கா

மார்ச் 24

அக்கா,

நீலம் மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. பச்சையடிக்குதாம். வெயில்ல பார்க்க எங்கே நேரம் இருந்துச்சு? நீதான் சரி சொன்னேன்னு அந்தப் பெண் உளறிட்டா. லீவுல இருக்கிறவங்ககிட்ட துணி எப்படிப் போச்சுன்னு முதலாளி குடையறார். நான் அனுப்பினேன்னு தெரிஞ்சா என் கதை முடிஞ்சது. வீட்டுல பொழுது போகலை, நானே கேட்டு வாங்கினேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடு. உன்னை நிறுத்திடுவாங்கதான். ஆனா உனக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தானே? எனக்குச் சின்னப் பிள்ளைங்க.

தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சு அழுதேன். அழக்கூடாதுன்னும் டாக்டர் சொல்லியிருக்கார், அதையும் கெடுத்துட்டே. மேனேஜர் கேட்டிருந்தா அந்தத் துணியைக் கையாலகூடத் தொட்டிருக்க மாட்டேன். தம்பி கேட்கிறானேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா என் வேலையைக் கொடுத்து உன் வேலையைக் காப்பாத்திக்கப் பார்க்கிறே. வயிறு எரியுதுடா.

நேத்து முதலாளியே போன் பண்ணினார். நீங்களா கேட்டு வாங்கினீங்களான்னார். இல்லைன்னேன். அப்போ யார் அனுப்பினாங்கன்னார். தம்பின்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மேனேஜர்னு சொல்லிட்டேன்.

மேனேஜருக்கு என்ன ஆகுமோ, அது எனக்குத் தெரியாது. தம்பி யாராவது மிச்சம் இருந்தா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வரட்டும்.

அக்கா