விட்டுப்போன பழுப்புக் கோடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுக்கு எப்படி என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு முன் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது, பிளம்பர் இதோ வர்றேன் என்று சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். உன் அம்மா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், போட்ட அன்றே என் சட்டைக் காலர் அழுக்கும் நான் ஷேவ் செய்யாமல் விட்ட இடமும் அவளுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது, பழைய கண்ணாடியே தேவலை. எதிர்வீட்டு டிரைவருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தூங்குவேனா என்கிறது, அதன் புண்ணியத்தில் தெருவே விழித்திருக்கிறது.

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியலில் மக்களாட்சிப் பாடம் வருகிறது, அப்பா நீங்கதான் தெருக் கமிட்டித் தலைவராச்சே, பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டு எடுத்த கதையை அழகா எழுதி அனுப்புங்க, நான் கிளாஸ்ல படிச்சுக் காட்டுறேன் என்றாய். அதோடு விட்டாயா, எங்க அப்பா கடை அந்த மூலையில இருக்குங்கறதால அவர் ஓட்டே போடலைன்னு சொன்னேன்ப்பா, பிள்ளைங்க கை தட்டிச்சுங்க என்றாய். நான் ம்ம் என்று மட்டும் சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கேட்ட கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வந்தது வேறு, கோபப்படாமல் கடைசி வரை படி.

பஸ் ஆபீஸில் இருந்து, உங்கள் ரோட்டில் இனி ஒரே ஒரு ஸ்டாப்தான், மேலே வளைவிலா, கீழே ஜெராக்ஸ் கடை மூலையிலா, நீங்களே பேசி முடிவு பண்ணி ஒரு மேப்போடு அனுப்புங்கள் என்று சொன்னார்கள். மேப் என்றதும் நான் உன்னைத்தானே கேட்பேன். நீயும் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து போட்டு அனுப்பினாய், திசை, அளவுகோல், எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் ஒரு கட்டம், கீழே உன் பெயர். வீடுகள் கறுப்பு, ரோடு கறுப்பு, மேடு ஏறுகிற இடத்தில் மட்டும் வெளிர்ப் பழுப்பில் கோடு கோடாக இழுத்திருந்தாய். கோடு நெருக்கமா இருந்தா ஏத்தம் செங்குத்துன்னு அர்த்தம்ப்பா, நம்ம மேட்டுல ஏறுறது ஆறு மாடி ஏறுற மாதிரி என்றாய். கம்ப்யூட்டரில் பார்த்தபோது அந்தக் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருந்தன. நம் கடையில் கலர் மெஷின் கிடையாது, உனக்குத் தெரியும். கூட்டத்துக்குக் கொடுக்க நம் மெஷினில் போட்டு எடுத்தேன், கறுப்பெல்லாம் பளிச்சென்று வந்தது, பழுப்பு ஒன்றுகூட வரவில்லை. மேடு இருந்த இடம் வெறும் வெள்ளை.

பொத்தான் இருக்கிறது, கண்ணு. கறுப்பைக் கூட்டுகிற பொத்தான், என் கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கிறது. மங்கிப்போன சான்றிதழையும் தண்ணீர் பட்ட பத்திரத்தையும் படிக்கிற மாதிரி எடுத்துக் கொடுக்கிற ஆள் என்றுதான் இந்த ஊரில் எனக்குப் பெயரே. அன்றைக்கு அந்தப் பொத்தானை நான் அழுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வெள்ளையாக வந்த தாளைப் பார்த்தேன், இதுவும் நல்லாத்தானே இருக்கு என்று நினைத்தேன், கமிட்டிக்கு வேண்டிய அத்தனை காப்பியையும் அப்படியே எடுத்துவிட்டேன்.

மேடு இருப்பது ஊருக்கே தெரியுமே, மேப்பில் இல்லாவிட்டால் என்ன என்று நீ கேட்பாய். தெரியும்தான், ஆனால் வண்டியில் ஏறுகிறவனுக்கு மேடு கணக்கிலேயே வராது, கமிட்டியில் எல்லோரும் வண்டி வைத்திருப்பவர்கள். மேட்டில் குடியிருப்பவர்கள் ஷிப்டு வேலைக்காரர்கள், கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டில் இருக்கிற உன் அத்தைக்கும் தையல் கம்பெனியில் வேலை. நூலக ஹாலில் எல்லோர் கையிலும் உன் மேப். என் கடை மூலையில் இருந்து மேல் வளைவுக்கும் ஒரு கட்டைவிரல் நீளம், கீழே ஏற்கெனவே இருக்கிற கடைவீதி ஸ்டாப்புக்கும் ஒரு கட்டைவிரல் நீளம், அப்புறம் என்ன, மூலைதான் எல்லாருக்கும் நடுசென்டர் என்று ஆளாளுக்கு விரலை வைத்து அளந்தார்கள். கடைவீதிக்கு நடப்பது சமதரை, மேலே ஏறுவது ஆறு மாடி, அது எந்த விரலுக்கும் தெரியவில்லை. கமிட்டியில் இருக்கிற எலக்ட்ரீஷியன் மட்டும் ஓரத்துக் கட்டத்தைக் காட்டி, என்ன சார் இது, சரிவுன்னு எழுத்து இருக்கு, எதிர்ல ஒரு குறியும் காணோமே என்று கேட்டார். எழுத்து கறுப்பு, அது வந்துவிட்டது, அதற்கு நேரே நீ போட்ட கோடு பழுப்பு, அது வரவில்லை. நான், அது அச்சுல விட்டுப்போச்சு, முக்கியமில்ல என்றேன். அந்த முக்கியமில்ல என்கிற சொல் என் வாயில் இருந்துதான் வந்தது. உடனே எழுந்து நின்று, மூலையில என் கடை இருக்கு, அதனால நான் ஓட்டுப் போடறது நியாயமில்ல என்று வேறு அறிவித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். மூலைதான் ஜெயித்தது, மேப் போட்டுக் கொடுத்த தலைவரின் மகளுக்கு நன்றி என்று தீர்மானத்திலும் எழுதினார்கள். பஸ் ஆபீஸ்காரர் இந்த ரோட்டைக் கண்ணால் பார்த்தவர் இல்லை, மேப்பைப் பார்த்தார், சரி என்றார்.

அதற்குப் பிறகு கடையில் கூட்டம்தான் போ. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா, ரீசார்ஜ், பேனா, தண்ணீர் பாட்டில் என்று கேட்கிறார்கள், குளிர்பானத்துக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கி வைத்தேன், வாசலில் ஒரு பெஞ்சும் போட்டேன். பெரிய மனசு சார் உங்களுக்கு என்கிறார்கள். இது சேவையா யாவாரமா என்று உன் அம்மா கேட்டாள், நான் பெஞ்சைத் துடைக்கப் போய்விட்டேன். தேவை வேறு, விருப்பம் வேறு என்று நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாயே, ஒன்றை எடுத்தால் இன்னொன்றை யாரோ இழக்கிறார்கள் என்பாயே, மேட்டுக்காரர்களுக்கு வளைவில் ஸ்டாப் தேவை, எனக்கு மூலையில் ஸ்டாப் விருப்பம், இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஆறாம் வகுப்பு போதும்.

உன் அத்தை வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் இருந்து இறங்கி நேரே அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே துணி வெட்டுகிற வேலை, முழங்கால் வீங்கியிருக்கிறது. உன் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று அந்த மேப்பில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். ஒரு நாள் முழங்காலை நீவிக்கொண்டே, மேப்புல பாத்தா பக்கத்துலதான் இருக்கு அண்ணா, நம்ம பாப்பா போட்டது தப்பாவா இருக்கும், என் காலுக்குத்தான் வயசாயிடுச்சு என்றாள். கம்பெனி மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், இந்த மாசத்தோட நின்னுக்குறேன், இனிமே என்னால ஏற முடியாது என்றும் சொன்னாள். அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கு இருக்கிற பிடிமானம், தனியாக இருக்கிறவள், யாரிடமும் கை நீட்டமாட்டாள். அவளிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், நான் பிரிட்ஜைத் திறந்து ஒரு குளிர்பானம் எடுத்துக் கொடுத்தேன். வெட்கக்கேடு.

அதற்கு அடுத்த நாள்தான் நீ போன் செய்தாய், பிள்ளைகள் கை தட்டிய சேதியைச் சொன்னாய். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கூட்டத்தில் மெஷின் சரியில்லை என்று சொல்லிப் பூசி மெழுகிவிடலாமா என்றும் கேட்டேன். அவள் புதுக் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதுக்கு வாய் இல்லைங்கறதுக்காக அது மேல பழி போடாதீங்க என்றாள். நேற்றுச் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, உன் மேப்பை மறுபடி மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். எல்லாக் கோடும் வந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

அந்தத் தாளோடு வண்டியை எடுக்காமல் நடந்தே மேலே போனேன். பாதியிலேயே மூச்சு முட்டி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள், தாளை அவளிடம் நீட்டி நடந்ததை நடந்தபடி சொன்னேன். திட்டுவாள், திட்டினால் தேவலை என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கோடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அப்ப என் காலு நல்லாத்தான் இருக்கா அண்ணா என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி அரிசியைக் களைந்தாள். கிளம்பும்போது மட்டும், பாப்பாகிட்ட சொல்லிட்டியா, மொதல்ல அவளுக்கு எழுது, அவ பேரு இதுல இருக்கு என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம் போடச் சொல்லியிருக்கிறேன், மேட்டுக்காரர்கள் வருகிற நேரமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். மூலையில் நிழற்குடை கட்டக் குழி தோண்டுவதற்குள் சொல்லியாக வேண்டும், சிமெண்ட் விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் அசைக்க முடியாது. எலக்ட்ரீஷியன் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லப்போகிறேன், தலைவர் பதவி போகட்டும், மூலையும் போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது. இன்று காலையில் உன் அத்தையோடு மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன், அவள் இடத்துக்கு அவர் ஏற்கெனவே வேறு ஆளைச் சொல்லிவிட்டாராம், பார்க்கலாம் என்றார். அந்த வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை, கிடைக்காவிட்டால் அதற்குக் காரணம் நான்தான்.

நீ சரியாகத்தான் போட்டாய், அதை உன் பெயரிலேயே தப்பாக்கிவிட்டேன், மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இதை வகுப்பில் படித்துக் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம், ஆனால் அந்தப் பிள்ளைகள் எனக்காகத் தட்டிய கையை மட்டும் எப்படியாவது திரும்ப வாங்கிவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அத்தைக்கு ஒரு போன் போடு, உன் குரலைக் கேட்டால் அவளுக்கு ஆறுதல். உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உனக்கு உண்டு, நீ நன்றாக இருப்பாய். இன்னொன்று, கண்ணு, இனிமேல் மேட்டுக் கோட்டைக் கறுப்பிலேயே போடு, என்னைப் போல ஒருத்தன் கைக்குப் போனாலும் அது அழியக் கூடாது.

இப்படிக்கு,
ஓட்டுப் போடாமலே ஜெயித்த உன் அப்பா